கண்களுக்கு இடையே உள்ள தூரம்

என் கணவர் தயாளனுக்கு அகலமான முகம். அவர் பார்த்துவிட்டுத் தரும் பைனாகுலரை அப்படியே கண்ணில் வைத்தால் எனக்கு இரண்டு வட்டங்கள் தனித்தனியாகத் தெரியும். குழல்களைச் சற்று நெருக்கினால்தான் அவை ஒன்றாகும். இத்தனை வருடங்களில் அதைத் தொட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்த முறை தேயிலைக் கம்பெனி ஆடிட் முடிந்து மலையிலிருந்து வந்தவர் குளிக்கப் போனதும், அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கண்ணில் வைத்தேன். குழல்கள் எனக்கே குறுகலாக இருந்தன. என்னைவிடச் சின்ன முகம்.

சாப்பிடும்போது கேட்டேன். "லீவு நாள்ல மலை ஏறினீங்களா?"

"ஏறாம? விடியக்காலைலயே கெளம்பிட்டேன். இருவாச்சி தலைக்கு மேலயே பறந்துச்சு. ஈரப் புடவைய உதறின மாதிரி சத்தம்."

"யார்கூட?"

"எங்க ஆபீஸ்ல எவன் பறவை பார்க்க வருவான்? தனியாத்தான்."

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். என்னை அவர் ஒரு முறைகூட மலைக்குக் கூப்பிட்டதில்லை. எனக்கு மூச்சு வாங்குமாம்.

அடுத்த மாதம் அவர் பெட்டி அடுக்குவதற்கு முன் குழல்களை அவர் முகத்துக்கு ஏற்றபடி நானே விரித்து வைத்தேன். அவர் எடுத்து, ஜன்னல் வழியே வேப்பமரத்தை ஒரு பார்வை பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பிறகு என்னிடம் ரயில் நேரத்தைச் சொல்லிக்கொண்டே, கையைப் பார்க்காமல், குழல்களை நெருக்கினார். நான் நிறுத்தும் இடத்தைத் தாண்டினார். முழுக்க மடக்கவும் இல்லை. அதே குறுகலில் நிறுத்தி, உறையில் போட்டு மூடினார்.