அச்சமின்றி எழுதுங்கள்

‘உங்கள் கருத்தை அச்சமின்றி எழுதுங்கள்’ என்ற வாசகத்தோடு பள்ளி வராந்தாவில் தொங்கிய பெட்டியில், ஒரு வருடம் கழித்து முதல் கடிதம் விழுந்தது. அன்றைக்கே பிரின்சிபால் தமிழ் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

“பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு சொன்ன பொண்ணை வெயில்ல நிக்க வெச்சது நியாயமான்னு எழுதியிருக்கு. பேர் கூடப் போடலை. என்ன துணிச்சல் பாருங்க!”

“பேர் போடாததா சார் துணிச்சல்?”

“கிண்டல் வேண்டாம். அவ படிக்கிற பத்தாம் வகுப்பு நோட்டையெல்லாம் வாங்கி, எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்க. இங்கே பேச்சுரிமை தாராளமா உண்டு. பேசினது யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்.”

நாற்பது நோட்டுகளையும் கர்மசிரத்தையாகப் புரட்டிவிட்டு, மாலையில் டீச்சர் கையை விரித்தாள்.

“அப்போ மொத்த வகுப்புக்கும் சுற்றுலா ரத்து!”

அந்தக் கடிதத்தோடு அறிவிப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய ஐந்தாவது நிமிடம் ஒரு மாணவி வந்து நின்றாள். “நான்தான் சார் எழுதினேன்.” மூன்று நாள் சஸ்பெண்ட் ஆனாள்.

டீச்சர் அவளைப் படிக்கட்டில் மறித்தாள். “ஏம்மா பொய் சொன்னே?”

“எனக்கு மூணு நாள் லீவு. உங்களுக்குன்னா வேலையே போயிடும். என் கட்டுரை நோட்டுல தினமும் சிவப்பு மையில பார்க்கிற எழுத்து எனக்குத் தெரியாதா டீச்சர்?”

டீச்சர் சட்டென்று திரும்பினாள். அடுத்த நிமிடம், விறுவிறுவென்று பிரின்சிபால் அறைக்குள் நுழைந்தாள்.

“அவளை விட்டுடுங்க சார். எழுதினது நான்.”

“அடடா, மனசுல பட்டதை என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே!” என்று உருகிப்போன பிரின்சிபால், வேலைநீக்க உத்தரவை டைப் செய்யச் சொன்னார்.