குடிச்சுக் காட்டு

"பாட்டில்ல என்ன?"

கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஏட்டு மறித்தார். திங்கட்கிழமை, மனு கொடுக்கும் நாள். மனுவோடு மண்ணெண்ணெயும் கொண்டுவந்து தலையில் ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அதனால் பையோ பாட்டிலோ சோதிக்காமல் உள்ளே போகாது.

"தண்ணி சார். எங்க தெரு போர்த் தண்ணி. கலெக்டர்கிட்ட காட்டணும்" என்றாள் வினோதினி.

பதினேழு வயது. ஊர் இளைஞர் குழுவுக்கு அவள்தான் தலைவி. பின்னால் குழுவைச் சேர்ந்த பிள்ளைகள் நின்றார்கள். எல்லாருக்கும் பின்னால் சுமதி, குழுவை ஆரம்பித்து வைத்த தொண்டு நிறுவனத்துக்காரி. நீங்களே எழுதணும், நீங்களே பேசணும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

ஊருக்கு வெளியே, வெட்டியெடுத்துக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியில் எவனோ ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவைக் கொட்டியதில் போர்த் தண்ணீர் கெட்டுப்போனது. வினோதினியின் தம்பி விக்கி அதைக் குடித்துத்தான் செத்தான். அதன் பிறகுதான் சுமதி தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினாள். விஷம் என்று வந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஊருக்குத் தண்ணி லாரி வரவைத்தாள். குழுவின் முதல் வெற்றி அது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் லாரி எத்தனை நாளைக்கு வரும்? கொள்ளிடம் பக்கத்தில்தான் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் குழாயில் வரவேண்டும். கலெக்டர் கண்ணால் இந்தப் பாட்டிலைப் பார்த்தால் வந்துவிடும் என்று பிள்ளைகள் நம்பினார்கள்.

ஏட்டு மூடியைத் திறந்து மோந்து பார்த்து முகம் சுளித்தார்.

"மருந்து வாடை அடிக்குது. தண்ணின்னா குடிச்சுக் காட்டு."

இது காட்டுவதற்கென்று கொண்டுவந்தது என்றாள் வினோதினி. சோதனை ரிப்போர்ட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. போன மாதம் ஒருவன் இப்படித்தான் தண்ணீர் என்றானாம். கருகிப்போனவனை ஆம்புலன்ஸில் ஏற்றியது இவராம். அவர் பயம் அவருக்கு.

"குடி. இல்லன்னா கீழ ஊத்து."

சுமதியால் பொறுக்க முடியவில்லை. வாயைத் திறந்தாள். "ஊத்திடு வினோதினி. வெறும் மனுவைக் குடுப்போம்."

வினோதினி பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து மடக் மடக்கென்று நாலு வாய் குடித்தாள். மூடியைத் திருகிவிட்டு ஏட்டைப் பார்த்தாள்.

"தண்ணிதான். போ" என்று அவர் வழிவிட்டார்.

சுமதி அவள் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப்போனாள். "விக்கிய கொன்ன தண்ணிடி அது. விரல விட்டு வாந்தி எடு. வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மற்ற பிள்ளைகள் யாரும் பதறவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அக்கா, காலையில குடிச்சதையும் சேர்த்தே வாந்தி எடுக்கணுமா?" என்றாள் வினோதினி.

சுமதிக்குப் புரியவில்லை.

"லாரி மேலத்தெருவோட திரும்பிடும்க்கா. எங்க தெருவுக்கு ஒருநாளும் வந்ததில்ல. நீங்க அவ்வளவு அலைஞ்சு வரவெச்சீங்க, மனசு ஒடிஞ்சு போயிருவீங்கன்னுதான் சொல்லல. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் மேலத்தெருவுல கெஞ்சி ஒரு குடம் வாங்கி வெப்போம், உங்களுக்கு டீ போட."