ஒரே காரின் இரண்டு டர்போ

நொறுங்கிக் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு டர்போ இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் பிலோமினாவும் பக்கத்து வீட்டு ஜெகனும் எண்ணூர் பழைய இரும்புக் கிடங்குக்குப் போனார்கள். இரண்டு வீட்டிலும் காற்றைச் சுழன்று தள்ளும் டர்போ தேய்ந்து, அடைத்த காற்றறைக்குள் வடிகட்டிய காற்றை அனுப்பும் மெஷின் திணறிக்கொண்டிருந்தது. அவள் கணவர் சவரிக்கும், அவன் ஆறு வயது மகள் இலக்கியாவுக்கும் வெளிக்காற்று ஆகாது.

பிலோமினா மெக்கானிக். இரண்டையும் கழற்றி விரலால் சுழற்றிப் பார்த்தாள். ஒன்று பம்பரமாய்ச் சுற்றியது. மற்றதின் தண்டு ஆடியது. இறக்கை உள்சுவரில் உரசியது.

“எது எனக்குக்கா?” என்றான் ஜெகன். அவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

“எதுவானா என்ன? ரெண்டும் நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லி, ஆடியதை அவனிடம் கொடுத்தாள். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் சுவருக்கு அப்பால் கிறீச்சென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. சற்றைக்கெல்லாம் ஜெகன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

“அக்கா, கொஞ்ச நேரம் உள்ள படுக்க வச்சுக்கட்டுமா?”

சவரியின் காற்றறையில் வரும் காற்று ஒருவருக்குத்தான் போதும். பிலோமினா கதவைத் திறக்கவில்லை. சவரியே கட்டிலை விட்டு எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

“பச்சப்புள்ள, பிலோ. அவ படுக்கட்டும்.”

“வேணாங்க!”

“ஏன்?”

அவர் வெளியே நாற்காலியில் போய் உட்கார்ந்து இரும ஆரம்பித்தார்.

மறுநாள் இலக்கியா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். சவரி விழிக்கவில்லை. அவருடைய சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன் ஜெகன்தான்.