நீலத் தண்ணீர்

“முதல் நகம் செவ்வாய்க்கிழமை விழுந்தது. வலிக்கவே இல்லை.”

கனகலிங்கம் வாய்விட்டுப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். பதினோரு வருடமாக அந்தப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் மாயக்கதைப் பக்கத்தைக் கவனிப்பவர் அவர். ஒரு வரி அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது அன்றுதான்.

பக்கத்தின் உயிரே ஊசலாடிக்கொண்டிருந்த நேரம் அது. மந்திரவாதி, ஏழு கடல், கிளிக்குள் உயிர் என்று அரைத்த மாவையே அரைக்கிறீர்கள் என்று முதலாளி பழனியப்பன் சலித்துப் போயிருந்தார். புதிதாக ஒரு கதை கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் முதல் அந்த இடத்தில் சினிமா விளம்பரம்தான் என்று கறாராகச் சொல்லியும் விட்டார். கனகலிங்கம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு போட்டிக்கு அனுமதி வாங்கினார்.

நூற்று நாற்பது உறைகள் வந்தன. நூற்று முப்பத்தொன்பதில் கிளி இருந்தது.

மிச்சமிருந்த ஒன்று காப்பார் தோட்டப்புறத்திலிருந்து வந்தது. ஒரு மளிகைக்கடை முகவரி, பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள், பென்சில் எழுத்து. முப்பது பெண்கள் முதுகில் நீலத் தண்ணீரைச் சுமந்துகொண்டு வரிசையாக நடக்கிறார்கள். அது பட்ட புல் மறுநாளே கருகிவிடுகிறது. மூக்கில் இரத்தம் வடிந்தாலும் யாரும் நிற்கக் கூடாது. எதற்குச் சுமக்கிறார்கள், அது என்ன தண்ணீர் என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. விளக்காமல் விட்டதுதான் அழகு என்று கனகலிங்கம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

பிழை திருத்தும் ரமணிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “சார், போட்டிக் கூப்பன் ஒட்டல. கதைக்குத் தலைப்புகூட இல்ல. ரூல்ஸ்படி தள்ளிடணும்லா.”

கூப்பனை எவன் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம், கற்பனையை வெட்டி ஒட்ட முடியுமா என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அவருக்குப் பிடிக்காமல் போனது முடிவு மட்டும்தான். யாராவது வந்து பாருங்கள் என்று கேட்பதோடு எழுத்து நின்றுவிட்டது. எழுதத் தெரிந்தவளுக்கு முடிக்கத் தெரியவில்லை என்று அனுதாபப்பட்டு, அந்த வரியை அடித்தார். காட்டிலிருந்து ஒரு சித்தரை வரவழைத்து, மூலிகை தெளிக்க வைத்து, முப்பது பேர் விரலிலும் முத்துப்போல நகம் முளைக்கச் செய்தார். ‘நீலத் தண்ணீர்’ என்று தலைப்பும் வைத்தார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

பழனியப்பன் நின்றபடியே படிக்க ஆரம்பித்தவர், பாதியில் உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒன்றை இதுவரை படித்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பக்கம் பிழைத்தது.

தாளின் அடியில் பெயர் எழுதியிருந்த மாரியாயிக்குக் கடிதம் போனது. தாங்கள் எழுதியது எங்கள் நெஞ்சை உலுக்கிவிட்டது, ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்துக்கு அவசியம் வரவும் என்று இரண்டே வரி. பரிசைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, மேடையில் சொல்லித்தான் அசத்த வேண்டும் என்பது கனகலிங்கத்தின் ஆசை.

இரண்டு பஸ் மாறி, சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்துவிட்டாள் மாரியாயி. நாற்பது வயதிருக்கும். கூடவே நான்கு பெண்கள். ஐவரும் இருப்பதில் நல்ல சேலையாக உடுத்தி, கைகளைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். பாவம், கூச்சம் என்று நினைத்துக்கொண்டார் கனகலிங்கம். பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து ரயில்வே குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர் அவர். ரப்பர்த் தோட்டங்களை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

தமிழில் மாயக்கதை செத்துவிட்டதாகச் சொன்னவர்களை அவர் மேடையில் இருபது நிமிடம் விளாசினார். பிறகு முதல் பரிசுக்குரிய பெயரைக் கூப்பிட்டார். மண்டபம் கைதட்டியது. மாரியாயி தயங்கித் தயங்கி மேடையேறினாள். எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“இவ்வளவு புதுசா ஒரு கற்பனை உங்களுக்கு எப்படிம்மா தோணுச்சு?” என்று கேட்டு, ஒலிபெருக்கியை அவள் பக்கம் நகர்த்தினார் கனகலிங்கம். பரிசு உறையையும் நீட்டினார்.

அவளுக்குக் கேள்வி புரிந்ததாகத் தெரியவில்லை. உறையை வாங்குவதற்காகத் தலைப்புக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள்.

பத்து விரலிலும் ஒரு நகம் இல்லை. நுனியெல்லாம் தோட்டத்துக் களைக்கொல்லியில் வெந்த சதையாக இருந்தது. முதல் வரிசையில் கைதட்டல் நின்றது. மற்ற வரிசைகளும் ஒவ்வொன்றாக அடங்கின. கனகலிங்கம் உறையை நீட்டியபடியே நின்றார்.

எல்லாரும் தன் கைகளையே பார்ப்பதைக் கண்ட மாரியாயி அதை வாங்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்துக் கைகாட்டினாள். நான்கு பெண்களும் எழுந்து மேடைக்கு வந்து அவள் பின்னால் வரிசையாக நின்றார்கள். அவள் முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கனகலிங்கத்திடம் தணிந்த குரலில் கேட்டாள்.

“இதுல டாக்டரு யாருங்கய்யா?”