நுரை வெளிவரும் நேரம்

பாறைக்குள் செலுத்திய நுரை மறுபக்கம் வெளிவர எவ்வளவு நேரமாகும்? ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த தம்பதியில், கணவனின் கம்ப்யூட்டர் கணக்கு மூன்று மணி நேரம் என்றது. கீழ்த்தள ஆய்வகத்தில் நிஜப் பாறையில் சோதித்த மனைவி, ஐந்து என்றாள்.

கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்கை ஐந்துக்குக் கொண்டுவந்தவன், போன் செய்தான்.

“அஞ்சு வந்துடுச்சு!”

“அஞ்சா? இன்னைக்கு இங்க மூணுதானே வந்துச்சு!”

அவனுக்குத் தலை சுற்றியது. “அதே பாறை, அதே நுரை. எப்படி மாறும்? நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும்டி!”



“ரெண்டு நாளா சாப்பாடு தூக்கம் இல்லாம உட்கார்ந்திருந்தீங்களா, பார்க்கப் பாவமா இருந்துச்சு. அதான், உங்க கணக்குப்படியே வரட்டும்னு, நுரையைத் தள்ளுற கேஸ் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சேன்.”

அவன் தலையில் கைவைத்தான்.

“வீட்டுல ஃபேன் வேகத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவ, இதுலயா விட்டுக்கொடுக்கணும்?”