தினம் ஐம்பது மிஸ்டு கால்

"ஒரே நம்பருக்கு தினம் ஐம்பது மிஸ்டு கால். யாருங்க அவ?" மன்சூரின் போனை அவன் முன்னால் நீட்டினாள் மெஹ்ரீன்.

"காலேஜ் வேலை. சொன்னா என் கையால தண்ணி குடிக்க மாட்டே."

"நான் பிழிஞ்சு தர்ற நெல்லிச் சாறும் அவளுக்குத்தான் போகுதா?"

மன்சூர் சாறு பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

"அவளைக் காட்டுங்க. இல்லாட்டி அம்மா வீட்டுக்குப் போயிடுறேன்."

காட்டூர் காலேஜில் தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். மெஹ்ரீனே அந்த நம்பரை அழுத்தினாள். இரண்டு கூண்டுகளுக்கு நடுவே ஒரு போன் அதிர்ந்தது. உள்ளே வெள்ளை எலிகள்.

"போன் கதிர்வீச்சு ரெண்டு கூண்டுக்கும். நெல்லிச் சாறு ஒண்ணுக்கு மட்டும். சாறு ஈரலைக் காப்பாத்துதான்னு ஆராய்ச்சி."

"அது எப்படித் தெரியும்?"

"நாளைக்கு எல்லாத்தையும் நான்தான் அறுக்கணும்."

மெஹ்ரீன் அழைப்பைத் துண்டித்தாள்.

"இதுக்கு ஒருத்தி இருந்திருந்தாலே தேவலை" என்றாள்.