நிறுத்துவது அவள் வேலை

இரண்டாவது ஆப்பும் வாலை நறுக்கிவிட்டது.

இதுவும் சரிப்படாது என்று போனைச் சைக்கிள் கடைக்காரரிடமே நீட்டினேன்.

அவர் பாவம். டியூப் மாற்ற வந்தவன், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மதியத்திலிருந்து அவர் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேன். மலையேற ஓர் ஆப், சைக்கிளுக்கென்று தனி வழி காட்ட ஓர் ஆப், சிக்னல் கிடைக்காத காட்டிலும் மேப் திறக்க ஓர் ஆப் என்று அவரும் சலிக்காமல் இறக்கிக் காட்டுகிறார். மேடு எவ்வளவு, இறக்கம் எவ்வளவு, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது வரைக்கும் அதில் வருகிறதாம்.

வரட்டும். எனக்கு அதொன்றும் வேண்டாம்.

என் மனைவியின் போனில் இருக்கும் பழைய ஆப்பை இந்த வாரத்தோடு மூடுகிறார்கள். நானும் அவளும் ஓட்டிய சைக்கிள் பயணங்கள் எல்லாம் அதன் மேப்பில் கோடு கோடாக இருக்கின்றன. இப்போது அவள் இல்லை. கோடுகள்தான் மிச்சம்.

அவற்றைப் புது ஆப்புக்கு மாற்ற வேண்டும். மற்றவை எப்படி வந்தாலும் போகட்டும். அணைக்கட்டுக்குப் போன பயணம் மட்டும் ஒரு வளைவுகூடக் குறையாமல் வர வேண்டும்.

மற்றதெல்லாம் சமர்த்தாக வந்துவிட்டது. அது ஒன்றுதான் முரண்டு பிடிக்கிறது.

முதல் ஆப் அதன் பின்பாதியைக் கேட்காமலே வெட்டிப் போட்டது. சைக்கிளில் இந்த வேகம் வராது என்று விளக்கம் வேறு. இரண்டாவது, பெரிய மனது பண்ணி வேகத்தை விட்டுவைத்தது. ஆனால் கோட்டின் நுனியில் இருக்கும் சிக்கலைப் பிழை என்று துடைத்துவிட்டது. பூனையிடம் மாட்டிய நூல்கண்டு மாதிரி இருக்கும் அது. பிழையோ என்னவோ, அது எனக்கு வேண்டும்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுவது என் தொழில். மயிரிழை நகர்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அந்தப் புத்திதான் இங்கேயும் வேலை செய்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் இந்தக் கடைக்கு வந்ததே அவள் போன பிறகுதான். எங்களை ஜோடியாகப் பார்த்ததில்லை.

எங்களுக்குள் வேலை பிரித்திருந்தோம். பஞ்சர் ஒட்டுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது, மேட்டில் மூச்சு வாங்குவது எல்லாம் நான். வழி பார்ப்பது, கிளம்பும்போது போனில் பதிவைத் தொடங்குவது, வீட்டு வாசலில் அதை நிறுத்துவது அவள். நான் அந்தப் போனைத் தொட்டால் கையில் பட்டென்று ஒன்று விழும்.

"நீங்க கை வச்சா உருப்பட்ட மாதிரிதான்."

கடைக்காரர் மூன்றாவது ஆப்பில் பயணத்தை ஏற்றினார். கோடு நிதானமாக நெளிந்து நெளிந்து அணைக்கட்டு வரை போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் விருட்டென்று ஊருக்குள் திரும்பியது. அவர் அந்த வேகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சார், லாரியப் பிடிச்சு தொத்திக்கிட்டே போனீங்களா?"

நானும் சிரித்து வைத்தேன். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு டியூப்பைக் கவனிக்கப் போனார்.

இந்த ஆப் எதையும் வெட்டவில்லை. பயணத்தை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாக என்னிடமே கேட்டது.

முதல் துண்டு சைக்கிள். உடன் வந்தவர் உண்டா என்றது. உண்டு என்று அழுத்தினேன்.

இரண்டாவது துண்டு மோட்டார் வண்டியில் போனது போலத் தெரிகிறது, நீக்கிவிடவா என்றது. வேண்டாம் என்று அழுத்தினேன். உடன் வந்தவர்? உண்டு.

ஆம்புலன்ஸில் அவள் கை என் கைக்குள்தான் இருந்தது. நெஞ்சை அடைக்கிறது என்று அணைக்கட்டுச் சுவரில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு சைக்கிளும் அங்கேயே கிடந்தன. அவள் போனை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் நிறுத்தத் தெரியாது.

மூன்றாவது துண்டு அந்தச் சிக்கல். ஆப் அதைப் பெரிதாக்கிக் காட்டியது. போவதும் வருவதும், போவதும் வருவதுமாகக் கோடு. ஆஸ்பத்திரி வராந்தாவில், அவளைக் கொண்டுபோன கதவு வரை நான் நடந்து, திரும்பி, மறுபடி நடக்க, போன் சார்ஜ் தீர்ந்து அணையும் வரை அது போட்ட கோடு.

நடைப்பயணம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தது ஆப். நன்றாக நடந்திருக்கிறீர்கள் என்று ஒரு பாராட்டும்.

கீழே அதே கேள்வி. உடன் வந்தவர் உண்டா?

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அதில் எங்கும் போட்டிருக்கவில்லை.

கடைக்காரர் சக்கரத்தை மாட்டி, காற்றடித்து, ஒருமுறை சுற்றிவிட்டுப் பார்த்தார். அது சுற்றி நிற்கும் வரை விரலைத் தூக்கி வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு இல்லை என்று அழுத்தினேன்.

பயணம் முழுதாக ஏறிவிட்டது.

இந்த ஆப்பே இருக்கட்டும் என்றேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் வரை வந்தவன் திரும்பிப் போய், இதில் பதிவை எப்படி நிறுத்துவது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.